பல் செட் ஆல்பர்ட்டும் பாயின் பந்தயக் காரும்

கைப்பேசியை மேசையில் மல்லாக்கப் போட்டு, அதன்மேல் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை வைத்து, அதன்மேல் தன் வலது கண்ணை வைத்துக் குனிந்திருக்கிறார் மரிய ஆல்பர்ட். திரையில் இருப்பது ஒரு சிவப்புப் பந்தயக் காரின் படம். லப்பைக்குடிக்காடு ஜியாவுதீன் காலையில் மாதிரிக் கார் கட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டது. ஆல்பர்ட் அதில் தூசி தேடுகிறார். ஒரு துகள், ஒரு முடி, பெயின்டில் ஒரு கொப்புளம், ஏதாவது ஒன்று அகப்பட்டால் அன்று மதியச் சாப்பாடு ருசிக்கும். அகப்படாவிட்டால் ரசத்தில் உப்பு இல்லை என்பார்.

தேடி முடித்ததும் பாராட்டு எழுத வேண்டும். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. நாலு மணி நேரம் கழித்துத்தான் 'சூப்பர் பாய்' என்று போடுவார். உடனே போட்டால் காத்துக் கிடந்ததாக நினைப்பார்களாம். மறுநாள் போட்டால் பொறாமை என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். அதைக் குழுவில் இருக்கும் அறுபது பேரும் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது அவருக்கு மட்டும் தெரியாது.

அரியலூரில் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் வீடு. முன்னறைதான் பட்டறை. அலமாரி முழுக்க பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச்சீட்டு. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், ஆல்பர்ட் பல் செட் செய்து கொடுப்பார். செந்துறை, பெரம்பலூர், ஜெயங்கொண்டம் வரை இங்கிருந்துதான் பல் போகிறது. நாற்பத்தெட்டு வயதில் இருபத்தாறு வருடம் இதிலேயே போய்விட்டது. அவர் செய்த பல்லால் எத்தனையோ பேர் சிரிக்கிறார்கள், முறுக்குக் கடிக்கிறார்கள், மருமகளைத் திட்டுகிறார்கள். ஆனால் யாரைக் கேட்டாலும் டாக்டர் நன்றாகப் பல் கட்டினார் என்றுதான் சொல்வார்கள்.

கல்யாணப் பந்தியில் ஆல்பர்ட் இலையைப் பார்ப்பதில்லை. எதிர் வரிசை வாய்களைப் பார்ப்பார். "அந்த ஓரத்துப் பல்லு நான் வச்சது. எலும்பக் கடிக்கிறாரு பாரு, அசையுதா?" என்று மனைவி ஜெனிதாவின் காதில் சொல்வார். ஜெனிதா பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர், அளந்துதான் பேசுவார். "வாயப் பாக்காம சாப்புடுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

தொழில் போக மீதி நேரமெல்லாம் கார். தொண்ணூறு, நூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் ஓடிய பந்தயக் கார்களைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, நூற்றுக்கணக்கான உறுப்புகளாகப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். கட்டி முடித்தால் ஓரடிக்கு மேல் நீளம் வரும். எஞ்சின் மூடியைத் திறந்தால் உள்ளே வயர் முதற்கொண்டு தெரிய வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்ப வேண்டும். சக்கரத்துக்குள் மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாக, சக்கரத்துக்கு அறுபது எழுபது, இடுக்கியால் கோக்க வேண்டும். பெட்டியில் வரும் கம்பியை ஆல்பர்ட் தொடமாட்டார். பல் செட்டுக்குக் கொக்கி வளைக்கும் எஃகுக் கம்பியில் மெல்லியதைத் தேர்ந்தெடுத்துக் கோப்பார். அவர் கோத்த சக்கரத்தைச் சுழற்றிவிட்டால் இம்மி ஆடாமல் சுற்றி நிற்கும். இப்படி வேகக் கார்களாகக் கட்டுகிற மனிதர் ஓட்டுவது ஒரு பழைய மொபெட். எதிரே சிமென்ட் லாரி வந்தால் இறங்கி ஓரமாக நின்று, லாரி போன பிறகுதான் ஏறுவார்.

வருடத்துக்கு ஒருமுறை திருச்சியில் ஒரு ஓட்டல் ஹாலில் இந்தக் கார்களுக்குக் கண்காட்சி நடக்கும். மூன்று வருடம் முன்புவரை முதல் பரிசு ஆல்பர்ட்டுக்கு என்பது எழுதாத சட்டம். பிறகு ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காகப் பதினோரு வருடம் இருந்த ஜியாவுதீன் ஊரோடு வந்து சேர்ந்தார். முதல் வருடமே முதல் பரிசு, அடுத்த வருடமும் அவரே. ஆல்பர்ட் இரண்டு முறையும் இரண்டாவது. நடுவர்கள் ஆல்பர்ட்டின் காரைச் சுற்றி வந்து, "சுத்தமான வேலை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். "சுத்தம்னா என்னா அர்த்தம்? வூடு கூட்டியா வச்சிருக்கேன்?" என்று ரயிலில் அரியலூர் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

பாயின் காரில் அப்படி என்ன இருந்தது என்பது ஆல்பர்ட்டுக்கு நன்றாகவே தெரியும். ஓட்டுநர் இருக்கையின் தோல், யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி மடிந்திருந்தது. கியர் பெட்டியின் இடுக்கில் எண்ணெய் கசிந்து காய்ந்திருந்தது. சக்கரங்களில் சேறு. மோசமான வேலையாக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். உண்மையிலேயே நன்றாக இருந்து தொலைத்தது, அதுதான் பொறுக்கவில்லை. "பாய் நல்லா பண்ணாலும் உங்களுக்குத் தூக்கம் வராது. கெடுத்து வச்சாலும் அதையே பேசிட்டு என்னைத் தூங்க வுட மாட்டீங்க" என்றார் ஜெனிதா.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது பாதிரியாரிடம்கூடச் சொல்லிப் பார்த்துவிட்டார். பொறாமை சாமி, ஒரு பாய் மேல, கார் கட்டுறாரு என்றார். லாரிக்குப் பாடி கட்டுகிற விவகாரம் என்று நினைத்துக்கொண்ட பாதிரியார், தொழிலில் போட்டி சகஜம் என்று ஆறுதல் சொல்லி, மூன்று அருள் நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். ஆல்பர்ட் மூன்றையும் ஒரு காரின் மூக்கில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

ஜெனிதாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஏழு வருடமாக ஒரு பெட்டி இருக்கிறது. முப்பதுகளில் ஓடிய இத்தாலியப் பந்தயக் கார் ஒன்றின் கிட். இப்போது அது சந்தைக்கு வருவதில்லை. ஆல்பர்ட் அதைப் பிரிக்கவே இல்லை. கேட்டால், நல்ல நேரம் வரட்டும் என்பார். உண்மையில் பயம். கட்டாத கார் யாரிடமும் தோற்காது அல்லவா? இந்த வருடத் தொடக்கத்தில் ஜியாவுதீன் அதே கிட்டை யாரிடமோ பிடித்து, சாவகாசமாகப் பிரித்து, கட்டவும் ஆரம்பித்துவிட்டார். ஆல்பர்ட் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பாய்க்கு ஒரு சறுக்கல் வந்தது. அந்தக் காரின் ரேடியேட்டர் முகப்பு பிளாஸ்டிக்கில் செய்து வெள்ளிப் பூச்சு பூசியது. அந்தப் பளபளப்பு பொம்மைக் கார் மாதிரி இருக்கும் என்று, கட்டத் தெரிந்தவர்கள் பூச்சை உரித்துவிட்டு வேறு பூசுவார்கள். ப்ளீச்சிங் கரைசலில் போட வேண்டிய முகப்பை, பாட்டில் மாறி, பிளாஸ்டிக்கையே கரைக்கும் தின்னரில் போட்டுவிட்டு, ஜியாவுதீன் அஸர் தொழப் போய்விட்டார். திரும்பி வந்து இடுக்கியால் தூக்கினால், குழம்பில் ஊறின அப்பளமாகத் தொங்கியது. அதையும் படம் எடுத்துக் குழுவில் போட்டார். அந்தப் படத்தை ஆல்பர்ட் பூதக்கண்ணாடி இல்லாமலே பார்த்தார். அன்று ரசம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

முகம் இல்லாத காரைக் கண்காட்சி மேசையில் வைக்க முடியாது. பாயின் கார் வராவிட்டால் இந்த வருடம் முதல் பரிசு யாருக்கு என்பதில் ஆல்பர்ட்டுக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய நீல நிறக் கார் ஏற்கெனவே கண்ணாடிப் பெட்டிக்குள் தயாராக இருந்தது. அந்த நினைப்பு ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. பெரம்பலூர் கலைவாணன் குழுவில், ஆல்பர்ட் சாரிடம் அதே கிட் இருக்கிறதே என்று எழுதினார். ஆமாம் ஆமாம் என்று இருபது பேர் பின்னாலேயே வந்தார்கள். ஜியாவுதீன் போன் செய்தார். "அண்ணே, கிட்டை உடைக்க வேணாம். அந்த ஒத்தப் பீஸுக்கு ஒரு அச்சு எடுத்து, அதுல ஊத்திக் குடுத்தீங்கன்னா போதும்ணே." அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது முடியாது என்று சொல்ல முடியுமா? "பாக்குறேன் பாய்" என்றார் ஆல்பர்ட்.

சுமாராக ஒன்று செய்து தள்ளிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தார். பெட்டியைப் பிரித்து, வாயில் அளவெடுக்கும் பசையை முகப்பின்மேல் அப்பி அச்சு எடுத்து, மெழுகு ஊற்றினார். மெழுகில் பார்த்தபோது குறுக்குக் கம்பிகள் தடியாகத் தெரிந்தன. நிஜக் காரில் அப்படி இருந்திருக்காது. சுரண்டி மெலிதாக்கினார். ஓரங்கள் மழுங்கியிருந்தன, கூராக்கினார். சுமாராகச் செய்ய அந்தக் கைக்குத் தெரியவில்லை. முகப்பு உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான், மேல் அண்ணத்துக்கு உலோகப் பிளேட் வார்க்கிற அளவு. கை தானாக அந்த வேலையில் இறங்கியது. மெழுகை மாவில் புதைத்து, உலையில் வைத்து மெழுகை ஓடவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை இறக்கினார். மறுநாள் மாவை உடைத்து எடுத்து, தேய்த்து மெருகேற்றினார்.

கையில் வைத்தால் கனத்தது. ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து வளைந்து ஓடியது. பெட்டியில் வந்த முகப்பு பக்கத்தில் பிளாஸ்டிக்காகக் கிடந்தது. ஆல்பர்ட் தன் வாழ்நாளில் இதைவிட நல்ல பொருள் செய்ததில்லை. ஒரு மணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், சந்தோஷத்தில் வேர்த்தது. பிறகுதான் இது யாருக்காகச் செய்தது என்பது உறைத்தது. திருச்சியில் இதைப் பாயின் காரின் முன்னால் பார்க்கிறவர்கள் எல்லாரும், "என்னா வேலை பாய்" என்பார்கள். பாய் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார். டாக்டர் நல்லாப் பல் கட்டினார் கதைதான் அங்கேயும்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கிட்டில் இருந்த பிளாஸ்டிக் முகப்பையே கொடுத்துவிடுவது. ஏழு வருடம் புடவைக்கு அடியில் காத்த பெட்டி ஊனமாகிப் போகும். போகட்டும். தன் கையால் செய்தது பாயின் காரில் ஏறக் கூடாது. அச்சு சரியாக வரவில்லை, ஒரிஜினலையே தருகிறேன் என்று குழுவில் எழுதினார். குழு முழுக்கக் கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்று கலைவாணன் எழுதினார். "இப்பத்தான் மனுஷனாத் தெரியிறீங்க" என்று சொல்லி ஜெனிதா கறி எடுத்துவரக் கிளம்பினார். ஆல்பர்ட் எதையும் மறுக்கவில்லை. பொறாமையில் செய்த காரியத்துக்கு இத்தனை நல்ல பெயர் கிடைக்கும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தால் இன்னும் சீக்கிரம் செய்திருப்பார்.

சனிக்கிழமை ஜியாவுதீன் வந்தார். வந்ததும் பையிலிருந்து ஒரு சின்ன சீசாவை எடுத்து மேசையில் வைத்தார். அந்தச் சிவப்பு. இரண்டு வருடமாக எந்தக் கம்பெனி பெயின்ட் என்று ஆல்பர்ட் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த சிவப்பு. திட்டக்குடி பேன்சி ஸ்டோரில் வாங்கின நெயில் பாலிஷில் இரண்டு சொட்டுக் கறுப்பு விட்டது என்று, யாரும் கேட்காமலே சொல்லிவிட்டார். ரகசியத்தை இப்படி லேசாகக் கொடுக்கிற மனிதரை என்ன செய்வது என்று ஆல்பர்ட்டுக்குத் தெரியவில்லை. பிளாஸ்டிக் முகப்பை எடுத்து அவசரமாக நீட்டினார்.

ஜியாவுதீன் அதைத் தொடவே இல்லை. ஒரு முழுக் கிட்டை உடைத்த பாவம் தனக்கு வேண்டாம் என்றும், அந்த அச்சு எடுத்தது எப்படி வந்திருந்தாலும் பரவாயில்லை, சரிசெய்துகொள்கிறேன் என்றும் சொன்னார். அது கெட்டுப்போய்விட்டது என்று ஆல்பர்ட் ஆரம்பிப்பதற்குள், தேநீர் கொண்டுவந்த ஜெனிதா தட்டை வைத்துவிட்டு, பல் செட் போட்டு அனுப்பும் டப்பாவுக்குள் இருந்த உலோக முகப்பை எடுத்து நீட்டினார். "இதானே? ரெண்டு நாளா இதத்தானே கையில வச்சுட்டுத் திரியிறீங்க?"

ஜியாவுதீன் அதை வாங்கி ஜன்னல் பக்கம் போனார். சட்டைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தார். ஆல்பர்ட் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது" என்றார் ஜியாவுதீன், திரும்பாமலே. "ரெண்டு வருஷமா உங்க சக்கரத்தப் பாத்து வயிறெரிஞ்சுட்டு இருக்கேன். என் சக்கரம் ஆடும்ணே. அது தெரியக் கூடாதுன்னுதான் சேறு பூசுறேன். இப்ப இதையும் பண்ணி வச்சிருக்கீங்க." திரும்பி, முகப்பை உள்ளங்கையில் ஏந்தியபடி கேட்டார். "இத எனக்குக் குடுப்பீங்களாண்ணே?"

ஆல்பர்ட் அவர் கையிலிருந்து முகப்பை வாங்கிக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினார். பல் தேய்க்கும் சின்ன மெஷினில் இருப்பதிலேயே மெல்லிய முனையை மாட்டினார். முகப்பைக் கவிழ்த்து, காரோடு ஒட்டிய பிறகு எந்தக் கண்ணுக்கும் படாத உள்பக்கத்தில், 'ம. ஆல்பர்ட், அரியலூர்' என்று பொடி எழுத்தில் செதுக்கினார். "என்னண்ணே பண்றீங்க?" என்றார் ஜியாவுதீன். "உள்ள கொஞ்சம் பிசிறு இருந்துச்சு பாய்" என்று சொல்லி, பொடியை ஊதிவிட்டு, வேட்டி நுனியில் ஒருமுறை துடைத்து, பளபளக்கும் பக்கம் மேலே தெரிய அதை அவர் உள்ளங்கையில் வைத்தார்.