டயல் கண்ணாடியில் ஒரு பொட்டு

எங்கள் வால்வு ரேடியோவில் கொயில் போய்விட்டது என்று சித்தப்பா சொன்னபோது, கோயில் எப்படிப் போகும் என்று நான் கவலைப்பட்டேன். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் அன்று காலையில்கூட இருந்த இடத்தில்தான் இருந்தது. உள்ளே இருக்கும் கம்பிச் சுருளுக்குத்தான் அந்தப் பெயர் என்று பெட்டியின் முதுகைத் திறந்து காட்டினார். கண்டி மழையின் ஈரத்தில் கம்பி பச்சை பூத்து அறுந்திருந்தது.

அப்பா இறந்த பிறகு வந்த முதல் மழைக்காலம் அது. ரேடியோ அப்பா வாங்கியது. டயல் கண்ணாடியில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஒருநாள் அப்பா, அம்மாவின் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, தமிழ் நிகழ்ச்சி கேட்கும் இடத்தில் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். முள்ளைப் பொட்டுக்குக் கொண்டுபோனால் போதும். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே புதுப் பொட்டு வைத்துக்கொண்டார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. புசல்லாவையில் ஒரு தேயிலை ஃபெக்டரியில் மின்சார வேலை. அண்ணனின் ரேடியோவை இன்னொருவர் தொடுவதா என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்திருந்தார். வேறொரு ரேடியோவில் கழற்றிய கொயிலை வைத்து ஈயம் பற்றவைத்தார். பிறகுதான் பெரிய வேலை. கொயிலின் நடுவில் ஒரு சிறு திருகு. அதைத் திருப்பத் திருப்ப ஸ்டேஷன்கள் டயலில் இடம் மாறும். ஒவ்வொன்றும் அதனதன் எண்ணில் வரும்வரை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் திருப்பிக்கொண்டே இருந்தார். இரும்பு பட்டால் கணக்குத் தவறுமாம். மதியச் சோறு ஆறிப்போனது.

கடைசியில் எல்லாம் சரியாக நின்றன. அத்தனை காலமும் டயல்தான் தப்பாகக் காட்டிக்கொண்டிருந்ததாம். இப்போது தமிழ் நிகழ்ச்சி பொட்டுக்கு இரண்டு விரல் தள்ளிக் கேட்டது. பொட்டைப் பெயர்த்து நகர்த்த சித்தப்பா நகத்தை வைத்தார்.

"அதத் தொடாதீங்க தம்பி," என்றார் அம்மா. "ஸ்டேஷன பொட்டுக்குக் கொண்டு வாங்க."

அப்படிச் செய்தால் மற்ற ஸ்டேஷன்கள் எல்லாம் தப்பாகிவிடும், சிலது கிடைக்காமலே போகலாம் என்று சித்தப்பா விளக்கினார். ஒரு பொட்டுக்கு இவ்வளவா என்றிருந்தது எனக்கு. என் நெற்றியிலிருந்ததைப் பிய்த்து நீட்டினேன்.

"இத புது எடத்துல ஒட்டுங்க சித்தப்பா. அது பழசு."

சித்தப்பா என்னையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. எதற்கெடுத்தாலும் வாதாடுகிற மனிதர், முள்ளைப் பொட்டில் நிறுத்திவிட்டு, அங்கே தமிழ் கேட்கும்வரை குச்சியைத் திருப்பினார். பகலெல்லாம் சரிசெய்தது கொஞ்ச நேரத்தில் தப்பாகிப்போனது.

அம்மா என் கையிலிருந்த பொட்டை வாங்கி என் நெற்றியிலேயே வைத்தார்.

"இது நெத்தியிலயே இருக்கட்டும்," என்று சொல்லிப் பெருவிரலால் அழுத்தினார். வலிக்கிற அளவுக்கு அழுத்தினார். விரலை எடுக்கவும் இல்லை.

அந்த ரேடியோ இப்போது என் வீட்டில் இருக்கிறது. பழைய சாமான்களில் பைத்தியம் உள்ளவர்கள் வந்து பார்த்து, டயல் தப்பு, சரிசெய்து தரட்டுமா என்கிறார்கள். வேண்டாம் என்று தேநீர் கொடுத்து அனுப்புகிறேன். அப்பா இறந்த வாரமே அம்மாவின் பொட்டு அட்டைகளை அத்தைமார் எடுத்துப் போயிருந்தார்கள். அம்மாவின் வெறும் நெற்றியை நானும் தினமும்தான் பார்த்தேன். ஆனால் அவருக்கென்று மிஞ்சியிருந்தது கண்ணாடியில் இருந்த அந்த ஒரு பொட்டுதான் என்பது, என்னுடையதைப் பிய்த்து நீட்டிய எனக்கு அன்று விளங்கவில்லை.