திசைகாட்டிக்குப் பின்னால் பிள்ளையார்

புக்கிட் பாத்தோக்கில் பஸ் ஓட்டுகிற வைதேகி, முப்பது அடிப் பாய்மரப் படகில் இந்தியப் பெருங்கடலைக் கடந்தவள். சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிற மீதிப் பேரும், "கூட யார் போனது?" என்று விசாரிப்பார்கள். கூட யாரும் போகவில்லை ஐயா, அவள் தனியாகத்தான் போனாள்.

நாற்பது வயதில் சாங்கிக் கடலோரத்தில் பாய்மரம் ஓட்டப் பழகினாள். முதல் நாளே படகு கவிழ்ந்து வயிறு முட்ட உப்புத் தண்ணீர் குடித்தாள். அடுத்த வாரம் மறுபடியும் போய் நின்றாள். அப்புறம் ஒரு பழைய படகைச் சொந்தமாக வாங்கி, ஓய்வு நாளெல்லாம் அதன் அடிவயிற்றைச் சுரண்டிச் சாயம் பூசி, பாப்பாத்தி என்று தன் அம்மாவின் பெயரையே அதற்கு வைத்தாள்.

அவள் கணவர் பிரபாகர் டாக்சி ஓட்டுகிறவர். படகு வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே வழக்குதான்.

"பஸ்ஸுல பிரேக் இருக்கு. அதுல என்ன இருக்கு, சொல்லு பாப்போம்."

"பாய இறக்கினா நிக்குங்க."

"நடுக்கடல்ல நின்னு என்ன பண்ணப் போற? இழுத்துட்டுப் போக டோ டிரக் வருமா?"

ஆனாலும் அவள் கிளம்பிய நாளில் மனுஷர் லீவு போட்டுவிட்டுத் துறைக்கு வந்தார். கடைசித் தண்ணீர் கேன்களைத் தானே உள்ளே வைக்கிறேன் என்று படகுக்குள் இறங்கியவர், வெளியே வர வெகுநேரம் ஆனது. அழுகிறார் போலிருக்கிறது என்று வைதேகி எட்டிப் பார்க்காமல் விட்டுவிட்டாள். வெளியே வந்து, "வேளைக்குச் சாப்பிடு" என்றார். அவ்வளவுதான்.

சுந்தா நீரிணை தாண்டி, கொக்கோஸ் தீவில் இளைப்பாறி, அங்கிருந்து மேற்கே ரோட்ரிக்ஸை நோக்கிப் பாய் விரித்தாள். மொரீஷியஸுக்குக் கிழக்கே தன்னந்தனியாக நிற்கிற சின்னஞ்சிறு தீவு அது. இடது தோளுக்குப் பின்னாலிருந்து காற்று சீராகத் தள்ளியது. ஜிபிஎஸ் காட்டிய கோட்டிலேயே பாப்பாத்தி ஓடினாள். வைதேகி ரசம் வைத்தாள், துணி துவைத்தாள், பறக்கும் மீன் படகின் மேல்தட்டில் வந்து விழுந்தால் வறுத்தும் தின்றாள்.

கால்வாசித் தூரம் மீதி இருக்கையில் ஒரு பேரலை படகுக்குள் புகுந்தது. பேட்டரி, ஜிபிஎஸ், கைத்தொலைபேசி, வீட்டுக்கு இருப்பிடம் சொல்லும் கருவி எல்லாம் ஒரே முழுக்கில் போயின. மிஞ்சியது மின்சாரம் கேட்காத ஒரே ஒரு கருவி. கேபின் சுவரில் பதித்திருந்த திசைகாட்டி. துறையில் அவள் கையால் சரிபார்த்தது. இனி அதுதான் கதி. அது சொன்னபடி சுக்கானைப் பிடித்தாள். காற்று வரும் கோணம் கொஞ்சம் மாறினாற்போல் இருந்தது. காற்றுதான் திரும்பிவிட்டது என்று நினைத்தாள். அன்று மாலை ஒரே மேகம்.

மறுநாள் மாலை வானம் வெளுத்தது. சூரியன் இறங்கி, வெயில் பளீரென்று முகத்தில் அடித்தது. அவள் கை தானாக மேலே போய் எதையோ பிடித்து இழுக்கப் பார்த்தது. மேலே ஒன்றும் இல்லை. பஸ்ஸில் அந்த இடத்தில்தான் வெயில் மறைக்கும் பலகை இருக்கும். வருஷக்கணக்காக மாலை வேளையில் மேற்குப் பார்த்து பஸ் ஓட்டிப் பழகிய கை அது.

கை அந்தரத்தில் நிற்க, வைதேகி திசைகாட்டியைத் திரும்பிப் பார்த்தாள். ஆகஸ்ட் மாதத்தில், அவள் போகவேண்டிய திசைக்குச் சூரியன் நன்றாக வலப்பக்கம் தள்ளி இறங்க வேண்டும். இது நட்ட நடுவில், மூக்குக்கு நேராக இறங்குகிறது. சூரியன் பொய் சொல்லாது. அப்படியானால் திசைகாட்டிதான் பொய் சொல்கிறது. வடக்கே இழுபட்டுக்கொண்டிருக்கிறாள். இப்படியே போனால் தீவு கண்ணிலேயே படாது.

பக்கத்தில் ஏதோ இரும்புதான் முள்ளை இழுக்கிறது என்று, சுக்கானைக் கட்டிவிட்டு உள்ளே பாய்ந்தாள். திசைகாட்டி இருந்த சுவரின் மறுபக்கம் ஓர் அலமாரி. மருந்துப் பெட்டியை இழுத்தால், அதன் பின்னால் சுவரோடு சுவராக, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போட்டு உட்கார்ந்திருந்தார் பிள்ளையார். ஒரு காது மூளி. மகள் சுதா குழந்தையாக இருந்தபோது உடைத்த காது. மூன்று டாக்சி மாறியும் மாறாமல் பிரபாகரின் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த அதே பிள்ளையார். காரில் நிற்பதற்காக அவர் அடியில் பெரிய காந்தம்!

கோபம் தலைக்கேறியது. "கட்டுன புருஷனே கவுத்துட்டீங்களே!" என்று கடலே அதிரக் கத்தினாள். பிள்ளையாரைக் கடலில் கரைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்புறம், அந்த மனுஷர் இத்தனை நாளும் பிள்ளையார் இல்லாமல் டாக்சி ஓட்டிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்ததும் அவரைப் பிய்த்துக் கொண்டுபோய் படகின் முன்மூலையில் அரிசி டின்னுக்குள் உட்கார வைத்தாள். திசைகாட்டியின் முள் மெல்லத் திரும்பி வேறிடத்தில் நின்றது. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம், எவ்வளவு நேரம் தப்பாக ஓடியிருக்கிறோம் என்று கணக்குப் போட்டுப் படகை இடப்பக்கம் வளைத்தாள். அதற்கப்புறம் தினமும் மாலையில் சூரியனிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். ஒரு மாலை கடற்பறவைகள் கூட்டமாக அவள் போகும் பக்கமே பறந்தன. மறுநாள் விடிந்ததும் நேர் முன்னால் நீலமாக ஒரு மலை தெரிந்தது. "வந்துட்டேன்டி பாப்பாத்தி!" என்று பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்தக் காலையில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. இருக்கட்டுமே, சும்மா வந்த கர்வமா?

துறைமுகத்தில் ஒருவரிடம் போன் வாங்கிக் கூப்பிட்டாள்.

"நான்தாங்க. வந்து சேந்துட்டேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "சாப்பிட்டியா?"

"அது கெடக்கட்டும். பிள்ளையார எதுக்கு அங்க ஒட்டினீங்க?"

"காம்பஸ் பக்கத்துல இருந்தா வழி காட்டுவாருன்னுதான்."

"அவரு அடியில இருக்கிறது மேக்னட்டுங்க! ரெண்டு நாளா என்னை வடக்கால இழுத்துட்டுப் போயிருக்காரு."

"ஐயோ" என்று மட்டும் ஒரு குரல் கேட்டது.

மொரீஷியஸ் வரை ஓட்டிப்போய்ப் படகை அங்கே நிறுத்திவிட்டு அவள் விமானத்தில் திரும்பினாள். சாங்கி விமான நிலையத்திலிருந்து பிரபாகர் தன் டாக்சியில் அழைத்துவந்தார். டாக்சியில் பிள்ளையார் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. வேறெதையும் அவர் அங்கே வைக்கவில்லை. வைதேகி கைப்பையிலிருந்து மூளிக்காதரை எடுத்து அந்த வட்டத்தில் உட்கார வைத்தாள்.

ஜாலான் புசார் காப்பிக்கடையில் டாக்சிக்காரக் கூட்டாளிகள் காத்திருந்தார்கள். "வாங்க அண்ணி!" என்று ஃபாரூக் எழுந்தார். "காந்தக் கதையை இவன் ஏறுற பயணி ஒருத்தர் விடாம சொல்லிட்டான் லா. உன் மானம்தான்டா போவுது, வாய மூடுன்னா கேக்கலையே."

வைதேகி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். காது வரை சிவந்திருந்தார். ஆனால் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"போனா போவட்டும் லா" என்றார், அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "நான் என்ன கூத்துப் பண்ணேன்னு சொன்னாத்தானே, அதைத் தாண்டி இவ எப்படி வந்தான்னு தெரியும்?"