எச்சில் விழுங்கலாமா, தம்பி?

ஏழு வருடம் ஆகிறது. அப்போது நான் திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட நிறையவில்லை. ஊர் தாராபுரத்துக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசல்படியை மிதித்த முதல் ஆள் நான்தான். பன்னிரண்டாவது பாஸ் என்பதால் கம்பெனியில் எனக்குப் பேனா பிடிக்கிற வேலை கொடுத்தார்கள். பெட்டிகளின் மேல் லாட் நம்பரும் சைஸும் எழுத வேண்டும்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். சிறு வயதில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை நான் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. மறைக்கல்விப் போட்டித் தேர்வில் முதல் பரிசு வாங்கி, மாதா சுரூபத்தோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதது இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பெருமை எனக்குள் கொஞ்சம் அதிகமாகவே தங்கிவிட்டது.

கம்பெனியில் டீ நேரத்தில் யாராவது ஏதாவது கேட்பார்கள். பெரும்பாலும் அயர்ன் மாஸ்டர்தான் ஆரம்பித்து வைப்பார். அவிநாசிக்காரர், வாயைத் திறந்தால் கேலிதான்.

"ஏனுங்க குட்டிச்சாமியாரே, வெள்ளிக்கிழமை கறி ஆகாதுங்கறீங்க. மீனு மட்டும் எப்படீங்க ஆகும்? அதுக்கு உசுரு இல்லீங்களா?"

நான் சிரிக்காமல் விளக்கம் சொல்வேன். மாதாவைக் கும்பிடுவதற்கும் கடவுளைக் கும்பிடுவதற்கும் என்ன வித்தியாசம், பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புக்கொண்ட பாவத்தைச் சாமியார் வெளியே சொல்வாரா, அவர் ஏன் கல்யாணம் கட்டிக்கொள்வதில்லை, எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. தெரியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. குட்டிச்சாமியார் என்பது கேலிப் பெயர் என்று தெரிந்தும், உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது.

செக்கிங்கில் தைத்த பனியனின் நூல் பிசிர் வெட்டுகிற பெண்களில் ஒரு அக்கா இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர். கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. திருப்பூருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதிகம் பேச மாட்டார். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் என் மேசைப் பக்கம் வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, எங்க ஊட்ல ஒரு ஆளு தவக்காலம் முடியுற மட்டும் வெள்ளிக்கிழமைல ஒருசந்தி இருக்கேன்னு நேந்திருக்கு. நடுவுல தண்ணி, மாத்திரை எதும் சேத்துக்கிடலாமா?"

ஒருசந்தி என்றால் ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு இருக்கிற உபவாசம். என் அம்மா இருப்பாள். பெரிய வெள்ளியன்று வெயிலில் களை வெட்டிக்கொண்டே, சாயந்தரம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிகிறவரை ஒரு சொட்டுத் தண்ணீர் வாயில் படாமல் இருப்பாள். எனக்குத் தெரிந்த ஒருசந்தி அதுதான். அதையே சட்டமாகச் சொல்லிவிட்டேன்.

"தண்ணி, மாத்திரை ஒண்ணும் ஆகாதுங்க. நேர்ந்துட்டு நடுவுல முறிச்சா பாவமுங்க."

அக்கா தலையாட்டிவிட்டுப் போனார். அந்த ஆள் யார், என்ன மாத்திரை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

அடுத்த வெள்ளி. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் தூக்குப்போசியைத் திறந்து உட்கார்ந்திருக்க, அந்த அக்கா மட்டும் பிசிர் வெட்டிக்கொண்டே இருந்தார். நான் கடந்துபோனபோது நிறுத்திக் கேட்டார். உதடு வெடித்து, பொருக்குத் தட்டியிருந்தது.

"எச்சி முழுங்கலாமா, தம்பி?"

இன்றைக்கு யாராவது என்னிடம் அப்படிக் கேட்டால் தூக்கிவாரிப் போடும். அன்று நான் ஒரு நிமிடம் யோசித்து, "முழுங்கலாங்க" என்று அனுமதி கொடுத்துவிட்டு நகர்ந்தேன். நேர்ந்துகொண்ட ஆள் இவர்தான் என்று அப்போதே புரிந்துவிட்டது. உதட்டையும் பார்த்தேன். மனதுக்குள் ஏதோ நெருடியது. ஆனால் எப்பேர்ப்பட்ட பக்தி என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த பக்திக்கு வழி சொன்னவன் நான் என்ற எண்ணமும் இருந்தது.

மூன்றாவது வெள்ளி, பகல் மூன்று மணி இருக்கும். கரண்ட் போயிருந்தது. தகரக் கூரையிலிருந்து அனல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பெட்டியின் மேல் 'எண்பத்தைந்து' சைஸ் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் "ஐயோ" என்று பெண்கள் கூச்சல். திரும்பினால், வெட்டிப் போட்ட பனியன் குவியலின் மேல் அந்த அக்கா சாய்ந்து கிடந்தார். கண் செருகியிருந்தது.

பக்கத்தில் வேலை செய்கிற பெருமாநல்லூர்க்கார அம்மா ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். அக்காவுக்கு நினைவு வந்தது. டம்ளரை வாயில் வைத்தார்கள். அக்கா உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையைத் திருப்பினார்.

"சாயந்தரம் வர மட்டும் ஆவாதுக்கா. தம்பிட்ட கேட்டாச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் "பரவாயில்லை, குடிங்க" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஒருவேளை அது உண்மையிலேயே பாவமாக இருந்தால்? இரண்டு வாரத்துக்கு முன் ஒன்று சொல்லி, இன்று வேறொன்று சொன்னால் நான் என்ன ஆவேன்? பேனாவைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன். என் வாழ்க்கையில் நான் திரும்ப வாங்க நினைக்கிற நிமிடம் ஒன்று உண்டென்றால் அதுதான்.

பெருமாநல்லூர் அம்மா எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"கண்ணு, அந்தப் புள்ள மாசமா இருக்குது. மூணு மாசம். இதுக்கு முன்னால ரெண்டு தங்காமப் போயிருச்சாம். இதாச்சும் தங்கோணும்னுதான் இந்த விரதமே. வெளிய தெரிஞ்சா வேலையில வெச்சுக்க மாட்டாங்கன்னு மூச்சு உடாம இருக்குது. நீ என்னத்தடா சொல்லி வெச்சே?"

மாத்திரை என்று அவர் கேட்டது டாக்டர் கொடுத்த மாத்திரை. எங்கள் வீட்டில் ஒரு ஆள் என்று மறைத்துக் கேட்டதும் அதனால்தான்.

ஆட்டோவில் ஏற்றினோம். படிவம் எழுத ஆள் வேண்டும் என்று என்னையும் ஏறச் சொன்னார்கள். நான் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் ஆட்டோ குலுங்கியபோது பின்னாலிருந்து அக்கா "மாதாவே" என்று முனகியது மட்டும் கேட்டது. நானும் ஜெபம் சொல்லப் பார்த்தேன். அருள்நிறைந்த மரியே பாதியிலேயே நின்று நின்று போனது. முதல் பரிசு வாங்கினவனுக்கு மந்திரம் மறந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கேட்டுக் கேட்டு நான் படிவத்தில் எழுதினேன். கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று கேட்டார். "நேற்று இரவு" என்று எழுதும்போது எழுத்து கோணலாகப் போனது. உள்ளே பரிசோதித்துவிட்டு வந்த டாக்டரம்மா, லேசாக உதிரம் பட்டிருக்கிறது, உடனே மாத்திரை கொடுத்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்றார். ஆனால் அக்கா மாத்திரையை வாங்கவில்லை. ஊசி போடக் கையைப் பிடித்தால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அதும் உள்ள போறதுதானே. நேந்தத முறிச்சாத்தான் இதுவும் தங்காமப் போவும். ஆறு மணி மட்டும் பொறுங்க டாக்டரம்மா."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆறு மணி வரைக்கும் உன் வயித்துல இருக்கறது பொறுக்குமா? பிள்ளத்தாச்சிக்குத் தண்ணி குடுக்காதேன்னு எந்த வேதம்மா சொல்லுது?"

அக்கா என் பக்கம் பார்த்தார். கை நீட்டி என்னைக் காட்டிவிடுவார் என்று நினைத்தேன். காட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "எங்க வேதத்துல அப்படித்தான்" என்றார்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன்.

"வேதம் சொல்லலீங்க. நான் சொன்னதுங்க."

டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அக்காவிடம் குனிந்தேன்.

"அக்கா, நான் தெரியாமச் சொல்லிட்டேனுங்க. எங்கம்மா அப்படி இருப்பாங்க. அதைப் பாத்துச் சொன்னதுங்க. குடிங்க."

"குடிச்சா பாவமில்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவும் தெரியாமல் சொல்கிற பதில்தானே? இன்னொரு தடவை தெரிந்த மாதிரிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியாதுங்கக்கா. சத்தியமாத் தெரியாது. பாவமுன்னா அது என்ற மேல வரட்டும். உங்க மேலயும் குழந்தை மேலயும் வேண்டாம். நாளைக்கே போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கறேன். குடிங்கக்கா."

அழுதுவிட்டேன். இருபது வயது ஆம்பளை, அத்தனை பேர் நடுவில்.

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு, "தெரியாதுன்னு மொதல்லயே சொல்லிருக்கலாம்லா" என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மாவிடம் கையை நீட்டினார்.

பெருமாநல்லூர் அம்மா டம்ளரைப் பிடிக்க, அக்கா குடித்தார். அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

குழந்தை தங்குமா என்று ஒரு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. அன்று சாயந்தரம் நான் சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. அறைக்கு வந்து டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து என் பழைய மறைக்கல்விப் புத்தகத்தை எடுத்தேன். ஒருசந்தியும், கறி விலக்குகிற சுத்தபோசனமும் பற்றிய பாடம். விதிகளின் கீழே சிவப்புப் பென்சிலால் நானே கோடு போட்டிருந்தேன். அடுத்த பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு பத்தி. அதில் கோடு எதுவும் இல்லை. தண்ணீரும் மருந்தும் ஒருசந்தியை முறிக்காது. நோயாளி, கர்ப்பவதி, பால் கொடுக்கிற தாய், கடின வேலை செய்கிறவர்கள் ஒருசந்தி இருக்கக் கடமையில்லை என்று இருந்தது. நேர்ச்சையை நிறைவேற்ற முடியாவிட்டால் சாமியாரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

அந்தப் பத்தியிலிருந்து பரீட்சையில் ஒரு வருடமும் கேள்வி வந்ததில்லை. அதனால் நான் படிக்கவில்லை.

மறுநாள் காலையில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் அக்காவின் கணவர் நின்றிருந்தார். முழங்கைவரை நீலச் சாயம். அந்தக் கை என் கன்னத்தில் விழும் என்றுதான் நினைத்தேன். விழுந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"நீதானா அந்தக் குட்டிச்சாமியாரு?"

"ஆமாங்க."

"ஒருசந்திய முறிச்சிட்டேனேன்னு விடிய விடிய அழுதுக்கிட்டே கெடக்கா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கா. நீ கெடுத்தத நீயே போய்ச் சரி பண்ணு."

அக்காவின் கட்டிலருகே நின்று அந்தப் பத்தியை வாசித்தேன். முடித்ததும், "இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன். "வேல பாக்கவங்களுக்கும் இல்லன்னா போட்டிருக்கு?" என்றார். ஆமாங்க என்றேன். "புள்ளத்தாச்சின்னு அச்சுல இருக்கா, இல்ல நீயா சேத்துக்கிட்டியா?" என்று கேட்டார். அவர் சந்தேகப்பட்டதில் என்ன தப்பு? புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி விரலை வைத்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டி, தானே வாசித்துப் பார்த்துக்கொண்டார்.

அந்த ஒரு வாரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. காலையில் கம்பெனிக்குள் நுழைந்ததும் கண் அக்காவின் காலி இடத்துக்குப் போகும். பெட்டிகளில் சைஸ் மாற்றி எழுதித் திட்டு வாங்கினேன். பெருமாநல்லூர் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வரும் நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கவே பயம். எட்டாம் நாள் அவர் வந்தார். என்னைக் கொஞ்ச நேரம் வேண்டுமென்றே தவிக்கவிட்டார்.

"நிக்குதாமா கண்ணு. ஸ்கேன்ல துடிப்புத் தெரியுதாமா."

நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு நின்றேன். அருள்நிறைந்த மரியே அன்றைக்கு முழுதாக வந்தது.

புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சாமியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றியபோது அது வீறிட்டு அழுதது. அக்கா திரும்பி என்னைப் பார்த்து, "தண்ணின்னா இவளுக்கும் ஆவாது போல, தம்பி" என்றார். சுற்றி நின்றவர்கள் ஏன் என்று தெரியாமலே சிரித்தார்கள். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை.

அதன் பிறகு கொஞ்ச நாள் நான் யாருக்கும் எதற்கும் பதில் சொல்லவில்லை. "குட்டிச்சாமியாரு மௌன விரதமுங்களா?" என்று அயர்ன் மாஸ்டர் சீண்டிக்கொண்டே இருந்தார். இப்போது மறுபடியும் கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். ஆனால் யார் எது கேட்டாலும், பதிலுக்கு முன்னால் என் கண் தானாகவே கேட்கிறவரின் உதட்டுக்குப் போய், அது காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது.