நிகுதி குறைந்த வருஷம்

நெல் விலை விழுந்தபோது எனக்கு முப்பது வயது. பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்களுக்கு இருந்த வயல்களில் பாதியை நானே ஆள் வைத்துப் பயிரிட்டேன். ஆற்றோரம் கிடந்த மீதியை ஒரு குடும்பம் பாட்டத்துக்கு எடுத்து உழுதது. என்னைவிடப் பத்து வயது மூத்த ஒருவர், அவர் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். விளைச்சல் எப்படியிருந்தாலும் பேசிய பாட்ட நெல்லை எங்கள் களத்தில் அளந்துவிட வேண்டும். நிலவரியான நிகுதியைச் சர்க்காருக்குக் கட்டுவது என் பொறுப்பு.

பர்மா அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கியதில் எங்கள் நெல்லைக் கேட்பாரில்லை. சந்தைக்கு வண்டி கட்டிப் போனவர்கள் மூட்டையை அவிழ்க்காமலே திரும்பினார்கள். நிகுதி கட்ட வழியில்லை என்று நிலக்காரர்கள் எல்லோரும் மனுப் போட்டோம். நிலைமையை நேரில் பார்த்து ஒரு பங்கைத் தள்ளிக் கொடுக்க அதிகாரி ஒருவர் வருகிறார் என்று தகவல் வந்தது.

என் வீட்டுக்கு அவரைக் கூட்டி வந்தால் ஓட்டுக் கூரையும் கறவை மாடுகளும் கண்ணில் படும். அதனால் நேராக ஆற்றோரத்துக்கு அழைத்துப் போனேன். மத்தியான வேளை. பாட்டக்காரர் வயலில் இருந்தார். அவர் மனைவி அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"இவங்க என்ன சாப்பிடறாங்க?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"சட்டியைத் திறந்து காட்டம்மா" என்றேன்.

அவள் மூடியின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். "வேண்டாமுங்க பண்ணாடி" என்றாள். நான் மறுபடியும் சொன்னேன். திறந்தாள். தண்ணீரில் ராகி மாவைக் காட்டியதுபோல ஒரு கூழ். நாலு பேருக்கும் அதுதான். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் பக்கம் பக்கமாக எழுதிய மனுவைவிட அந்தச் சட்டி நன்றாக வேலை செய்கிறது என்று எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. இதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. பட்டா என் பெயரில் இருந்ததால் தள்ளுபடியும் எனக்கே.

கேள்விப்பட்டுப் பாட்டக்காரர் வந்தார். "ஏனுங்க பண்ணாடி, நிகுதி கொறைச்சுட்டாங்கன்னு பேசிக்கறாங்க. இந்த வெள்ளாமைக்குப் பாட்டத்துலயும் கொஞ்சம் கொறைச்சீங்கன்னா நல்லாருக்குமுங்க."

"அது நிலக்காரனுக்குச் சர்க்கார் கொடுத்ததப்பா. உனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

"செரிங்க" என்று திரும்பிவிட்டார். வாதாடியிருந்தாலாவது நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "அவிய ஊட்டு அடுப்பக் காட்டித்தானே வாங்குனீங்க?" என்றாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றேன். அவளுக்குப் புரிந்தது எனக்கும் நன்றாகவே புரிந்திருந்தது.

அறுவடை முடிந்ததும் பாட்ட நெல் ஒரு படி குறையாமல் வந்தது. விளைந்தது போதாமல், உழவு மாட்டை விற்று வெளியில் நெல் வாங்கி அளந்திருக்கிறார். அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். மாடில்லாமல் உழுவது எப்படி? தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு நாலு பேரும் மூணாறு மலைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கிளம்பும்போது சொல்லிக்கொள்ள வந்தார்கள். போகவேண்டாம், இருங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால், "மேல குளிரு ஜாஸ்தி, கம்பளி இருக்கா?" என்றுதான் கேட்டேன்.

"அங்க குடுப்பாங்களாமுங்க" என்றாள் அவர் மனைவி. என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

பழைய பாட்டத்துக்கு அந்த வயலை எடுக்க யாரும் வரவில்லை. ஒரு போகம் தரிசாகவே கிடந்தது. பிறகு பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் கறாராகப் பேசினான். மலைக்குப் போனவர் கேட்டிருக்கக்கூடியதைவிட அதிகமாகவே அவனுக்குக் குறைத்துக் கொடுத்தேன்.

"இவ்வளவு கொறைக்கறதுன்னா மலைக்கு ஆளனுப்பி அவியளையே கூப்பிட்டிருக்கலாமே" என்றாள் மனைவி.

எந்தத் தோட்டம் என்று நான் கேட்டுக்கூட வைத்திருக்கவில்லை.