புளிப்பு பட்ட சிவப்பு

எங்கள் டாக்டருக்கு ஒரு ஆசை இருந்தது. அமிலாய்டு என்ற வியாதியை உயிரோடிருக்கும் ஒருவரிடம் கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்களுக்கு வீடு கட்ட ஆசை, மகளைக் கட்டிக்கொடுக்க ஆசை, இவருக்கு இது. ஆள் செத்த பிறகு ஈரலை அறுத்து, அயோடினை ஊற்றிப் பார்த்து, அமிலாய்டுதான் என்று சொல்வதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அதை நாங்கள் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்துக் கேட்பார்.

முப்பதுகளின் தொடக்கத்தில் நான் அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். சோதனை செய்யத் தனி அறை கிடையாது. மருந்து கலக்கும் அறையின் மூலையில் ஒரு மேஜை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, கொஞ்சம் கண்ணாடிக் குழாய்கள். அந்த மேஜைக்கு ராணி நான். எனக்கு வாயும் வேகம், கையும் வேகம். இரண்டைப் பற்றியும் அப்போது ரொம்பப் பெருமை.

அமிலாய்டு என்றால் என்ன என்று டாக்டர் வார்டில் எல்லோருக்கும் விளக்குவார். உடம்பில் ஓரிடத்தில் வருஷக்கணக்காகச் சீழ் வடிந்துகொண்டிருந்தால், ஈரலிலும் சிறுநீரகத்திலும் மெழுகு மாதிரி ஒன்று படியுமாம். முதலில் பார்த்தவர்கள் அதை மாவு என்று நினைத்து அந்த அர்த்தத்திலேயே பெயர் வைத்துவிட்டார்கள். மாவு இல்லை என்று தெரிந்த பிறகும் மாற்றவில்லை. "படிச்சவங்க வச்ச பேரில்லா, மாத்துவாங்களா?" என்று சொல்லி அவரே சிரிப்பார்.

அப்போதுதான் வடசேரியிலிருந்து ஒரு நெசவாளி வந்து சேர்ந்தார். வலது காலெலும்பில் ஆறேழு வருஷமாக ஆறாத புண். முகமும் வயிறும் வீங்கியிருந்தன. சிறுநீரில் அசிட்டிக் அமிலம் விட்டுக் காய்ச்சினேன். முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டது. சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, பக்கத்தில் நின்ற எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அவரிடம் புதுச் சோதனை ஒன்று தயாராக இருந்தது. ஒரு சிவப்புச் சாயத்தை நரம்பில் ஏற்றவேண்டும். நாலு நிமிஷத்தில் கொஞ்சம் ரத்தம், ஒரு மணி நேரம் கழித்துக் கொஞ்சம் ரத்தம். இரண்டையும் தெளியவைத்து ஒப்பிட வேண்டும். இரண்டாவதிலும் சிவப்பு இருந்தால் அமிலாய்டு இல்லை, புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு காத்திருக்கலாம். சிவப்பு காணாமல் போயிருந்தால் அமிலாய்டு அதைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் சீழ் வரும் இடத்தையே எடுத்தாக வேண்டும். அதாவது கால்.

"ஒத்தக் காலை வச்சிக்கிட்டு குழித்தறியில எப்படி மிதிப்பேன்?" என்றார் நெசவாளி. "அதுக்கு என்னைக் கொன்னுருங்கோ."

அவர் மனைவி கட்டில் பக்கத்திலேயே இருந்தாள். நூலுக்குச் சாயம் போடுகிறவள். முழங்கை வரை ஏறியிருந்த நிறம் எந்தச் சோப்புக்கும் அசையவில்லை. வார்டுக்குள் புகையிலை போடக்கூடாது என்று தினமும் நான் சொல்ல, தினமும் அவள் என்னைச் சின்னப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்ப்பாள்.

ஊசி போட்ட அன்றைக்கு, நெசவாளிக்குப் புது ரத்தம் ஏற்றுகிறார்கள் என்று வார்டு முழுக்கப் பேச்சு. மறுநாள் நாலு பேர் எனக்கும் செவப்பு ஊசி வேண்டும் என்று வந்து நின்றார்கள். ஒருவர் பலாப்பழத்தோடு வந்தார். ஊசி இல்லையென்றதும் பழத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சோதனையில் முதல் குழாய் நல்ல சிவப்பு. இரண்டாவதில் சிவப்பே இல்லை. ஏதோ மங்கிய கருநீலம். சிவப்பு போகும் என்று புத்தகம் சொல்லியிருந்தது, மிச்சம் எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. "போச்சு! செவப்பு போச்சு!" என்று டாக்டர் கத்தியேவிட்டார். பிறகு கட்டிலில் கிடந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அடங்கினார். வியாழக்கிழமை கால் எடுப்பது என்று முடிவானது. நெசவாளி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் அவர் மனைவி என் மேஜைக்கு வந்து குழாயைக் காட்டச் சொன்னாள். முடியாது என்றேன். "அவருக்க ரத்தமில்லா? நான் பாக்கப்பிடாதா?" என்று அவளே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மோந்து பார்த்தாள்.

"இது கோட்டாத்துக் கடையில பொட்டலமா விக்கிய எங்க சாயமில்லா? சாயம் எங்கயும் போவல. புளிப்பு பட்டிருக்கு. எலுமிச்சைத் தண்ணி தெறிச்சா எங்க தொட்டியும் இப்பிடித்தான் நீலமாவும். முந்தி இந்தக் குழாயில என்னத்த வச்சிருந்திய?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. சிறுநீர் காய்ச்சிய குழாய் அது. அசிட்டிக் அமிலத்தைக் கீழே கொட்டிவிட்டு, என் பெருமைக்குரிய வேகத்தில், ஒரே ஒரு அலசு அலசியிருந்தேன். அவள் புளிப்பை முறிக்கச் சோடாக்காரம் கேட்டு வாங்கி ஒரு சிட்டிகை போட்டாள். குழாயில் சிவப்பு லேசாகத் திரும்பி வந்தது.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வியாழக்கிழமை வெட்டியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான். நன்றாக நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

வார்டில் கொண்டாட்டம். கால் தப்பித்துவிட்டது என்று நெசவாளி பக்கத்துக் கட்டில்காரருக்கெல்லாம் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். அமிலம் பட்ட குழாயை நம்பி எதையும் சொல்ல முடியாது, மறுபடி சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. உடம்பில் பழைய சாயம் தீரும்வரை சில நாள் காத்திருந்தோம். அதற்குள் குழாய்களை நான் கழுவின கழுவலில் கண்ணாடி தேய்ந்திருக்கும். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து, "இன்னொருக்கா" என்பாள். மறுபடி கழுவினேன்.

இரண்டாம் தடவை முதல் குழாய் பழையபடி சிவப்பு. இரண்டாவது வைக்கோல் நிறத்தில் தெளிந்து கிடந்தது. டாக்டர் கத்தவில்லை. அவ்வளவு வருஷம் ஆசைப்பட்டது கையில் கிடைத்தும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் குழாயை வாங்கினாள். மோந்தாள். சோடாக்காரம் போட்டாள், காத்திருந்தாள். இன்னொரு சிட்டிகை போட்டாள். வைக்கோல் நிறம் மாறவே இல்லை.

"இப்பம் போச்சு" என்றாள்.

கால் எடுத்த பிறகு வீக்கம் மெல்ல வடிந்து அவர் பல வருஷம் இருந்தார், என் கல்யாணப் புடவையின் கரையில் குறை கண்டுபிடிக்கும் அளவுக்கு. ஆனால் அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தெரியாது. டாக்டர் கட்டிலருகே போய், முடிந்தவரை மெதுவாக விஷயத்தைச் சொன்னார். நெசவாளி அவரைப் பார்க்கவே இல்லை. என்னையும் பார்க்கவில்லை. டாக்டருக்குப் பின்னால் நின்ற தன் மனைவியைப் பார்த்தார்.

"ஏட்டி, நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சோடாக்காரம் போட்டியா?"

"ரெண்டு மட்டம் போட்டேன்."

அவர் தன் காலைப் பார்த்தார்.

"அப்பம் வெட்டச் சொல்லு" என்றார்.