காத்திருப்பு என்று பெயர் வைத்த படம்

ஊரில் யார் என்ன வரைந்தாலும் கடைசியில் அவள் கடைக்குத்தான் வந்து சேர வேண்டும். ஓவியர்கள், பாட்டுக்குழுக்காரர்கள், போட்டோ எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் அவள் ‘ஃபிரேம் அக்கா’. கண்காட்சி திறப்பு விழாவில் விளக்குப் போட்டவருக்கு நன்றி சொல்வார்கள், டீ ஊற்றியவருக்கு நன்றி சொல்வார்கள், அன்றைக்குப் பெய்யாமல் இருந்த மழைக்குக்கூட நன்றி சொல்வார்கள். படத்துக்குச் சட்டம் போட்டவள் சுவரோரம் நிற்பாள், அவளை மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. அதற்கெல்லாம் அவள் கவலைப்பட்டதில்லை. ஆனால் வேலையில் குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். சட்டம் கோணலாக இருக்கிறது என்று சொன்ன ஓவியர் ஒருவரிடம், “சட்டம் நேராத்தான் சார் இருக்கு. நீங்க வரைஞ்ச வீடுதான் சாஞ்சிருக்கு” என்றாள். அந்த ஆள் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் உரசிக்கொள்ளும் அகலத்தில் இருந்தது. உள்ளே மரத்தூள், சுவரில் சாய்த்த கண்ணாடிகள், பசை வாடை. முன்பக்கம் நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருப்பாள். போன் எடுப்பது, வருகிறவர்களை வம்புக்கு இழுப்பது இரண்டும் அவள் பொறுப்பு. மகளுக்கு இடது முழங்கை முழுசாக நீளாது. கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் அறுப்பாள். கேட்டவர்களிடம், சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லிவைத்திருந்தாள்.

அவளுக்கு ஒரு தம்பி, ஐந்து வயது இளையவன். அவள் பதினாறு வயதிலிருந்து மர டிப்போவில் பலகை சுமந்ததால்தான் அவன் ஓவியக் கல்லூரியில் படித்தான். இதை அவள் சொல்லிக்காட்டுகிறவள் இல்லை. நான் சொல்லிக்காட்டுகிறேன், யாராவது ஒருவர் சொல்ல வேண்டாமா?

அந்தத் தம்பிக்கு இப்போதுதான் முதல் முறையாகத் தனிக் கண்காட்சி. பழைய அச்சகம் ஒன்றைக் கேலரியாக மாற்றியிருந்த அம்மாள் ஒருத்தி அவனுக்கு இடம் கொடுத்திருந்தாள். படங்களைக் கடையில் இறக்கிவிட்டு அவன் பறந்துவிட்டான். இருப்பதிலேயே பெரியதை அக்கா பிரித்துப் பார்த்தாள்.

வீட்டு வாசல். நிலையில் சாய்ந்தபடி அம்மா, இளவயதில். கண் கலங்க ஆளில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் இருட்டில், கையைத் துணித்தூளியில் தொங்கவிட்டபடி ஒரு சிறுமி. படத்தின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் ‘காத்திருப்பு’ என்று எழுதியிருந்தது.

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கு நடந்தது இதுதான். அவளுக்குப் பதினோரு வயது. அப்பாவின் ரேடியோ அவள் கை தவறிக் கீழே விழுந்தது. அவர் அந்தக் கையைப் பிடித்து முறுக்கினார், எலும்பு முறிந்தது. அம்மா அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, கட்டுப் போட்டுக் கூட்டி வந்து, அவர் துணிமணிகளைப் பெட்டியில் திணித்துத் தெருவில் வீசினாள். பெட்டிக்குப் பின்னால் அவரையும் தள்ளினாள். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும், திரும்பிய பிறகும் வெகுநேரம், வாசலைவிட்டு அவள் அசையவில்லை. போய்த் தொலைந்தாரா என்று பார்க்கத்தான் நின்றாள். தூங்கி எழுந்து வந்த தம்பி கண்டது வாசலில் நின்ற அம்மாவை மட்டும்தான். அப்பா வேலைக்கு வெளியூர் போயிருக்கிறார், அக்கா படியில் விழுந்துவிட்டாள் என்று அவனிடம் சொன்னாள் அம்மா. அந்தப் பொய்யை அக்காவும் கட்டிக் காக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் தம்பி வந்ததும், “இந்தப் படத்த மாட்டாத” என்றாள்.

“ஏன்க்கா? இதுதான் முக்கியமான படமே.”

“அம்மா யாருக்காகவும் காத்துக்கிட்டு நிக்கல.”

“என் கண்ணால பார்த்தேன். எவ்வளவு நேரம் நின்னா தெரியுமா? உனக்கு அன்னிக்குக் கை வலி, நீ எதக் கவனிச்சே?” அவனுக்கும் சுள்ளென்று வந்துவிட்டது. “நீ சட்டம் போடுக்கா. உள்ள இருக்கிறத நான் பார்த்துக்கறேன்.”

நாற்காலியில் இருந்த அம்மா ஒன்றும் காதில் விழாத மாதிரி தெருவைப் பார்த்தாள். அவன் போனதும் மகள் அவள் முன்னால் போய் நின்றாள்.

“சொல்லிடவா?”

“வேண்டாம். அவனுக்கு அப்பான்னா உசுரு. விடு, படம்தானே.”

“படம்தானேவா? எனக்காக ஒரு காரியம் செஞ்சே நீ. எந்தப் பொம்பளையும் செய்யத் துணியாத காரியம். அதப் புருஷனுக்கு ஏங்கி நின்னதா வரைஞ்சு வெச்சிருக்கான். ஊரே வந்து உச்சுக்கொட்டப் போகுது. உனக்கு ரோஷமே இல்லையா?”

“பிள்ளைக்கு நல்லது நடக்கறப்ப குறுக்க நிக்காத. போட்டுக் குடு.”

போட்டுக் கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்த ஆணிகள்தான், ஆனாலும் ஒரு மூலைகூடப் பிசகவில்லை.

திறப்பு விழாவில் கூட்டம் நெரிந்தது. தாடிக்காரன் ஒருவன் மூலையில் உட்கார்ந்து கிடாரில் எதையோ இழுத்து இழுத்து வாசித்தான். அந்தப் படத்தின் முன்னால் நின்றவர்கள் தலையைச் சாய்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள். தம்பி மைக்கைப் பிடித்தான்.

“எங்கம்மா இன்னிக்கு வரைக்கும் காத்துக்கிட்டிருக்காங்க.”

கைதட்டல் ஓயவில்லை. அக்கா சுவரோரம் நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள். ஒரு அறை விட வேண்டும்போல இருந்தது, யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

கேலரி அம்மாள் வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “உங்க கண்ணுல இன்னும் அந்த வலி தெரியுதும்மா.”

“அது புரை. அடுத்த மாசம் ஆபரேஷன்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். கேலரி அம்மாள் விடுகிற மாதிரி இல்லை. குரலைத் தாழ்த்தி, “அவர் ஒருநாள் திரும்பி வருவார்னு இன்னும் நம்பறீங்க, இல்லையா?” என்றாள்.

அம்மா படத்தைப் பார்த்தாள், ஏங்கி நிற்கும் அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவ்வளவுதான், பொறுமை போய்விட்டது.

“வந்தான் அந்த ஆளு. ரெண்டு தடவ வந்தான். நான்தான் கதவத் தொறக்கல.”

தம்பி மைக்கை இறக்கினான்.

“என் பொண்ணு கைய ஒடிச்சான். பொட்டியோட வெளிய தள்ளினேன். திரும்பி வர்றானான்னு பார்க்கத்தான் வாசல்ல நின்னேன்.” படத்தில் நிலைக்குப் பின்னால் மறைந்திருந்த கையை அம்மா விரலால் காட்டினாள். “இந்தக் கையில விறகுக்கட்டை இருந்துச்சு. அத விட்டுட்டான் இவன்.”

கிடார் நின்றுவிட்டது. கேலரி அம்மாளின் முகம் மலர்ந்தது. “அற்புதம். இது இன்னும் நல்லா இருக்கே. தலைப்ப மாத்திடலாம்.”

“நீங்க கொஞ்சம் வாய மூடுறீங்களா?” என்றாள் அக்கா.

தம்பி அம்மாவிடம் போகவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அக்காவிடம் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“அப்பா வந்தாரா? உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் சொல்லல. அந்த வாசல்ல தினமும் யார் உட்கார்ந்திருந்தா? அம்மா இல்ல. நான்தான்க்கா. இன்னிக்கு வந்துடுவாரு, நாளைக்கு வந்துடுவாருன்னு நான்தான் காத்துக்கிட்டிருந்தேன்.”

இத்தனை நாளும் அம்மா மேல், தம்பி மேல், இந்தப் படத்தின் மேல் என்று பிரித்துப் பிரித்து வைத்திருந்த கோபமெல்லாம் இப்போது ஒன்றாகத் திரண்டது. அவள் குரலை உயர்த்தவில்லை.

“ரெண்டு தடவயும் தாழ்ப்பாள் போட்டது நான்தான்டா. கட்டுப் போட்ட கையோட, முக்காலி மேல ஏறி நின்னு போட்டேன். நீ உள்ள தூங்கிக்கிட்டிருந்தே. நீ அவருக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். இன்னிக்கு வந்து தட்டினாலும் போடுவேன்.”