காயுமா அக்கா

ஈரத்துணியால் கன்னத்தை ஒற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மொட்டை மாடியில் நிற்கிறார் சலவைக்கடை அக்கா. கன்னத்து ஈரத்தைக் காற்று எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகிறது என்று பார்க்கிறார். பிறகு வானத்தை ஒரு முறை முறைக்கிறார். "சரி, இன்னைக்கு நீ நல்ல பிள்ளை." கைபேசியை எடுத்து ஒரே ஒரு சொல்லைத் தட்டுகிறார்: காயும்.

அக்காவின் இணையப் பக்கத்தில் இருப்பது அவ்வளவுதான். வெள்ளைப் பக்கம், நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு சொல். காயும், அல்லது காயாது. வானிலை அறிக்கை "ஆங்காங்கே, ஓரளவு" என்று இழுக்கும். அக்காவிடம் அந்த இழுபறி கிடையாது. ஊரில் பாதிப் பேர் பல் துலக்கும்போதே அதைப் பார்த்துவிட்டுத்தான் வாளியைத் தூக்குவார்கள். பெயரே 'காயுமா அக்கா' என்றாகிவிட்டது.

புதிதாக யாரைப் பார்த்தாலும் முதலில் சட்டை விளிம்பைப் பிடித்துத் தடவிப் பார்ப்பார். மேகம் திரண்டால் சன்னலில் நின்று திட்டுவார். இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் நிமிராமலே சொல்வார்: "மேகம் வந்தா எனக்கு நல்ல நாள். திட்டு எல்லாம் அங்க போயிடும்."

எதிர்க் குடியிருப்பில் இருக்கும் நர்ஸ் ஒரு நாள் காலை கடைக்குள் வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கைபேசியை நீட்டினாள். "அக்கா, நீங்களுமா?"

வெள்ளைப் பக்கத்தில் 'காயாது'. அதன் தலைமேலேயே, பளபளவென்று ஒரு விளம்பரம்: வெயில் எதற்கு? இன்றே வாங்குங்கள், துணி உலர்த்தும் இயந்திரம்!

"காயாதுன்னு போட்டாத்தானே ட்ரையர் விக்கும்? எங்க மாடியில எல்லாரும் அதான் பேசிக்கிறாங்க."

அக்காவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. தன் கைபேசியில் பார்த்தார். விளம்பரம் இல்லை. நர்ஸின் கைபேசியில் இருந்தது. அன்று முழுக்க வந்தவர் போனவர் எல்லாரிடமும் கைபேசியை வாங்கிப் பார்த்தார். பாதிப் பேருக்கு இருந்தது, பாதிப் பேருக்கு இல்லை. இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே கம்பெனியின் இணைய இணைப்பு வைத்திருந்தவர்கள்.

அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டார். பாட்டு, காத்திருப்பு, மறுபடி பாட்டு. கடைசியில் ஓர் இளைஞன் மனப்பாடமாக ஒப்பித்தான்: "மேடம், வாடிக்கையாளருக்குப் பயனுள்ள தகவல்களை நாங்க வழங்குறோம்..."

"தம்பி, நான் ஒரு சட்டையைத் துவைச்சு மடிச்சு வீட்டுக்கு அனுப்புறேன். வண்டியில கொண்டுபோறவன் நடுவழியில பொட்டலத்தைப் பிரிச்சு, பாக்கெட்டுல நோட்டீஸ் செருகலாமா? அதுவும் நான் செருகின மாதிரியே?"

"எந்தப் பக்கம் மேடம் அது?"

"பக்கமா? ஒரே ஒரு வார்த்தைதான்ப்பா. காயும், காயாது."

மறுமுனையில் 'மேடம்' மறைந்து, குரல் தழைந்தது. "ஐயோ... காயுமா அக்காவா? எங்க அம்மா உங்களைக் கேக்காம ஒரு கைக்குட்டை கூட நனைக்க மாட்டாங்க!"

"இப்ப கேக்குறாங்களா?"

"ஒரு வாரமா இல்லக்கா. காசு வாங்கிட்டீங்கன்னு கோவமா இருக்காங்க." மென்று விழுங்கிவிட்டுச் சொன்னான்: "உங்க பக்கம் திறந்த பொட்டலமாப் போகுதுக்கா, அதான் செருகுறாங்க. பூட்டு போட்ட பக்கமா மாத்திடுங்க. அப்புறம் நடுவுல யாரும் உள்ள கை வைக்க முடியாது. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன். அம்மாகிட்ட மட்டும் நடந்ததைச் சொல்லு."

அந்தப் பக்கத்தை அமைத்துக் கொடுத்தது அக்காவின் தங்கை. அவளைக் கைபேசியில் கூப்பிட்டு அக்கா போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். அன்று மாலையே தங்கை வந்து உட்கார்ந்து, முகவரியின் ஓரத்தில் குட்டிப் பூட்டு ஒன்று தெரியும்படி செய்துவிட்டுப் போனாள். நர்ஸைக் கூப்பிட்டு அவள் கைபேசியில் பார்த்தார்கள். வெறும் வெள்ளை. வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து பார்த்தார். "இப்பத்தான் வெளுத்திருக்கு," என்றார். அக்கா சிரித்த சிரிப்பு நர்ஸையும் தொற்றிக்கொண்டது. "உங்களைப் போய்..." என்று ஆரம்பித்தவளை, "போடி, சீருடையை ஊற வை. நாளைக்கு நல்ல வெயில் இருக்கு," என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை கொட்டை எழுத்தில் 'காயும்'. ஊரே நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டது. உச்சிவேளையில், எங்கிருந்துதான் வந்ததோ, ஒரு மழை! மாடி மாடியாக ஆட்கள் ஓடினார்கள். எதிர் மாடியில் நர்ஸ் சொட்டச் சொட்ட நின்று, இடுப்பில் கை வைத்து இந்தப் பக்கம் பார்த்தாள். அப்புறம் அவளே சிரித்துவிட்டாள்.

"சொல்லை அழிச்சிடு, அழிச்சிடு," என்று பதறினார் வீட்டுக்காரர்.

அக்கா அழிக்கவில்லை. ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, 'காயும்' என்பதற்குக் கீழே அதே கொட்டை எழுத்தில் தட்டினார்: 'இந்தத் தப்பு மட்டும் என்னுடையதுதான்.' பிறகு குடையை எடுக்காமலே, நர்ஸின் சீருடைகளை அள்ள மழைக்குள் ஓடினார்.